துண்டுக்குள் மறைத்த வீக்கம்

அரைத்த வேப்பிலையும் மஞ்சளும் தாடையில் காயும்போது தோலை இழுத்துப் பிடிக்கும். வாயைத் திறந்தால் காதுக்குக் கீழே சுளீரென்று வலிக்கும். காரிமங்கலத்தை அடுத்த எங்கள் ஊரில் நான் ஐந்தாம் வகுப்புப் படித்த மார்கழியில், பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகப் "பொன்னுக்கு வீங்கி" வந்தது. கன்னம் வீங்கியவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று டீச்சர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு வீட்டில் இருப்பதுதான் பயம். அப்பா லாரியில் வடக்கே போயிருந்தார். அம்மா விடிந்தும் விடியாமலும் சாமந்தி பறிக்கப் போய்விடுவாள். வயல்காட்டுக்கு நடுவே ஒற்றையாக நின்ற எங்கள் "வூட்டில்" பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் கிடையாது. ஆகவே தாடை வலித்தபோது அம்மாவிடம்கூடச் சொல்லாமல், குளிருக்குக் கட்டுவதுபோலத் துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போய், எப்போதும்போல என் தோழி ஆரோக்கியமேரியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பாட்டிலிலேயே தண்ணீரும் குடித்தேன். மூன்றாம் நாள் டீச்சர் துண்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

"வாசப்படி தாண்டாத. யாராச்சும் வந்தா தள்ளி நின்னு பேசு," என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போவாள். தள்ளி நின்று பேசவும் யாரும் வரவில்லை. மேரியாவது வேலியோரம் நின்று கூப்பிடுவாள் என்று பார்த்துப் பார்த்து, பிறகு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்குப் போனபோது அவள் இடம் காலியாக இருந்தது. அவளுக்கும் வீங்கி, காய்ச்சல் ஏறி, தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். திரும்பி வந்தவளுக்கு இடது காது கேட்கவில்லை. "யாருகிட்ட இருந்து ஒட்டிச்சின்னே தெரியலைங்க," என்று அவள் அம்மா என் அம்மாவிடம் அழுதபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. டீச்சர் அவளை முன் பெஞ்சுக்கு மாற்றினார்; அதையே சாக்காக வைத்து நான் அவளிடம் பேசுவதை விட்டுவிட்டேன்.

இந்தத் தை மாதம் என் மகள் வகுப்பில் காய்ச்சல் பரவி அவளுக்கும் வந்தது. பரீட்சை இருக்கிறதென்று அழுதவளை அனுப்பாமல், ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஒரு வாரம் அவளோடு உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்து நடமாடியதும் காரிமங்கலம் பஸ் ஏறி, மேரியின் வீட்டைத் தேடிப் போய், அவளுடைய வலப்பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் புள்ள," என்றாள். "மொத நாளே துண்டு நழுவுனப்ப பாத்துட்டேன். டீச்சருகிட்ட சொன்னா ஒன்ன அனுப்பிடுவாங்க, அப்பறம் நான் யாருகூட உக்காருவேன்?"

அவள் டீ போட எழுந்தாள். நாங்கள் பேசியிருக்க வேண்டிய வருஷங்கள் அத்தனையும் போய்விட்டிருந்தன. எனக்கு எவ்வளவு சர்க்கரை என்று அவள் கேட்க வேண்டியிருந்தது.