பெல்ட்டுக்கு நல்லெண்ணெய் தேய்த்த மணவாளன்

என் வீட்டுக்காரர் மணவாளனைப் பற்றிக் கேட்டால் ஊரே தங்கமான மனுஷர் என்று சொல்லும். நானும் அதையே சொல்வேன், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் அவர். கையில் இருக்கும் டம்ளர் கீழே விழுந்து உடைந்தால்கூட, "அதுல ஏற்கெனவே கீறல் இருந்துச்சு பவானி" என்பார்.

சொந்த ஊர் காடாம்புலியூர். பலாத்தோப்பில் வளர்ந்தவர். இப்போது பண்ருட்டியில் ஒரு முந்திரி மண்டியில் மேனேஜர். நாங்கள் குடியிருப்பது கடலூர் செம்மண்டலத்தில். தினமும் அவரைப் பண்ருட்டிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது எங்களுடைய பழைய சின்ன கார். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று கணக்குப் போட்டுச் செய்த வண்டி. பலா சீசனில் பின் சீட்டு முழுக்கப் பழம்தான். முள் குத்திக் கிழியாத இடம் அந்த சீட்டில் கிடையாது.

எங்களுக்கு ஒரே மகள், இசைவாணி. சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வைத்திருந்தார்கள், அவள் மாமனார் வீட்டில். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அதற்கு எங்களில் ஒரு முறை உண்டு. பெண் "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அந்த வாசலிலேயே மறுபடி இறங்கவே கூடாது. சகுனப் பிழை.

எங்கள் வண்டியோ அந்த வாரம் முழுக்க, தெருவே திரண்டு வந்து தள்ளினால்தான் கிளம்பியது.

இது எப்படியோ சம்பந்தி கோவிந்தசாமி காதுக்குப் போய்விட்டது. அவர் புதிதாக, லாரிக்குத் தம்பி மாதிரி ஒரு பெரிய கார் வாங்கியிருந்தார். போன் செய்தார். "ஏன் சம்பந்தி கஷ்டப்படுறீங்க? பொண்ண நம்ம வண்டியிலயே அனுப்பி வெச்சிடுறோம். ஏசி ஜாஸ்தி வெச்சா குளுருங்க உள்ள!"

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் பெற்ற பெண்ணைக் கூட்டி வர அப்பனுக்கு ஒரு வண்டி இல்லை என்று ஆகிவிடாதா? இவர் போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்குப் பசியில்லை என்றார். மணவாளனுக்குப் பசியில்லை என்றால் விஷயம் பெரிது. நானும் மாடிக்கு ஏறினேன்.

"எழுந்திரிங்க. நம்ம பொண்ணு நம்ம வண்டியிலதான் வருவா. காலையில மொத வேலையா தேவசகாயத்துகிட்ட போறோம்" என்றேன்.

"நீ எதுக்கு? நானே போறேன்."

"நான் இல்லாம அந்த ஆளு பானட்டயே தொறக்க மாட்டாரு. தெரியாதா உங்களுக்கு?"

தேவசகாயத்தின் ஒர்க்‌ஷாப் கடலூர் ஓல்டு டவுனில் இருக்கிறது. மனுஷர் வாய் ஓயாமல் பேசுவார், தன்னை விட்டால் ஜில்லாவில் மெக்கானிக்கே இல்லை என்பார். அவரிடம் ஒரு வழக்கம். வண்டி ஓட்டுகிறவரிடம் எதுவும் விசாரிக்க மாட்டார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவரைத்தான் கேட்பார். அதற்காகவே வாசலில் வேப்பமரத்தடியில் நல்ல நாற்காலிகளாகப் போட்டு வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் நாங்கள் போனபோது அங்கே இரண்டு மூன்று பெண்கள் எனக்கு முன்னாலேயே உட்கார்ந்து, கட்டினவர்களைக் காட்டிக் கொடுக்கக் காத்திருந்தார்கள்.

எங்கள் முறை வந்ததும் இவர் முந்திக்கொண்டார். "பேட்டரி போயிடுச்சு தேவசகாயம். வேற ஒண்ணும் இல்ல."

"நீங்க செத்த சும்மா இருங்க சார். ஓட்டுறவங்க டாக்டர்கிட்டகூட உண்மை சொல்லுவாங்க, என்கிட்ட சொல்ல மாட்டாங்க." பானட்டைத் தூக்கினார். மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சினார். "என்ன சார், உள்ள அதிரசம் சுட்டீங்களா?"

இவர் வேப்பமரத்தை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தார்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கொஞ்ச நாளாகக் காலையில் வண்டியைக் கிளப்பினால் இன்ஜின் பெல்ட்டில் கீச்சு கீச்சென்று ஒரே சத்தம், எதிர்வீட்டுக் குழந்தை அலறி எழுந்துவிடும். திடீரென்று ஒரு நாள் சத்தம் நின்றது. "பாத்தியா, நானே சரி பண்ணிட்டேன்" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அதே வாரம், நான் அப்போதுதான் பிரித்து வைத்த புது நல்லெண்ணெய் பாட்டில் பாதியாகி இருந்தது. வேலைக்காரப் பெண்மீது சந்தேகப்பட்டேனே, அடக் கடவுளே!

தேவசகாயம் என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க சொல்லுங்க."

இவர் கண்ணாலேயே கெஞ்சினார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே மானத்தைக் காப்பாற்றினால் நாளைக்குச் சிதம்பரத்தில் போய்விடும்.

"பெல்ட்டுல எண்ணெய ஊத்திட்டாருங்க!" என்றேன்.

"ஊத்தல" என்றார் இவர். "தேய்ச்சேன்."

நாற்காலிப் பெண்கள் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கா பறந்தது.

அவர்மேல் முழுசாகக் குற்றம் சொல்லவும் முடியாது. பலாப்பழக்காரர்களுக்கு எண்ணெய்தான் மருந்து. பழம் அறுக்கக் கத்தியில் எண்ணெய், பால் ஒட்டாமல் இருக்கக் கையில் எண்ணெய், கதவு கத்தினால் எண்ணெய். பெல்ட் கத்தினால் மட்டும் என்ன செய்வார்கள்?

"சார், பெல்ட்டு இறுக்கிப் புடிச்சு சுத்தினாத்தான் பேட்டரிக்கு சார்ஜ் ஏறும். நீங்க தலைக்குத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சு விட்டிருக்கீங்க. அது வழுக்கிக்கிட்டு சும்மா கெடக்குது" என்றார் தேவசகாயம். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

சாயங்காலம் வரை வேலை நடந்தது. எண்ணெய் போகத் துடைத்து, புது பெல்ட் போட்டு, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றினார். "பெல்ட்டுக்கு நான் கேரண்டி. பேட்டரி ரொம்ப எறங்கிக் கெடந்துச்சு, பழைய வண்டி வேற. இந்த அளவுல புது பேட்டரி திங்கக்கெழமதான் வரும். நாளைக்கு ஸ்டார்ட் ஆவும்னுதான் நெனைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்கு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் போய்ச் சேர்ந்தோம். ஆனால் இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. இசைவாணிக்குச் சந்தனம் பூசும்போது ஆளைக் காணோம். வளையல் போடும்போதும் காணோம். சம்பந்தியம்மா என் காதில், "அண்ணனுக்கு வயிறு சரியில்லீங்களா? அடிக்கடி எழுந்து போறாரே" என்று கேட்டு, ஒரு டம்ளர் ஓமத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வண்டியைப் பார்க்கப் போனேன் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

அடுத்த முறை பின்னாலேயே போனேன். காரில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வதும் அணைப்பதுமாக இருந்தார்.

"ஐயோ, பேட்டரியில கொஞ்ச நஞ்சம் இருக்கிறதும் இப்படியே தீந்துடும்ங்க!" சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

நாலரைக்கு ராகு காலம். அதற்கு முன் கிளம்ப வேண்டும். கை நிறைய வளையலோடு இசைவாணி வாசலுக்கு வந்தாள். சம்பந்தி தன் பெரிய காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் வண்டி அதன் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றது. அவள் எதையும் கேட்கவில்லை, நேராக எங்கள் வண்டிக்கு நடந்தாள்.

"இரும்மா, ஏறாத" என்றார் இவர்.

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"பேட்டரி நம்ப முடியல. பெல்ட்டுல எண்ணெயத் தேய்ச்சு நான்தான் கெடுத்து வெச்சேன். நீ ஏறின பொறவு எறங்கக் கூடாது. மொதல்ல ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறேன். ஆவலன்னா மாமா வண்டியில வா. நான் பின்னாடி பஸ்ல வந்துடுறேன்." சம்பந்தியைப் பார்த்தார். "தப்பு என்னுதுதான் சம்பந்தி."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. இத்தனை வருஷத்தில் நான் கேட்காத வார்த்தை அது. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தேன்.

"ஆவும்ப்பா. பண்ணுங்க" என்றாள் இசைவாணி.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரு முறை முனகியது. இன்னொரு முறை இழுத்தது. பிறகு குபீரென்று பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

சம்பந்திதான் முதலில் கை தட்டினார். "அடடா, அந்த ஓமத்தண்ணிய வண்டிக்கில்ல குடுத்திருக்கணும்!" வாசலே சிரித்தது. தன் வண்டிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, எங்கள் கதவை அவரே திறந்துவிட்டார். என் மகள் ஏறி உட்கார்ந்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். இவர் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனை விடாமல் அடிக்க, நான் தலையை வெளியே நீட்டி, "வளைகாப்பு முடிஞ்சு பொண்ண கூட்டிட்டுப் போறோம்யா, ஒதுங்கிப் போயேன்!" என்று கத்தினேன். பஸ் சத்தமில்லாமல் ஒதுங்கிப் போனது. படியில் நின்ற கண்டக்டர், "சுகப் பிரசவமா ஆவட்டும்மா" என்று கை காட்டிவிட்டுப் போனார்.

வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்து இசைவாணியை உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தேன். வெளியே இன்ஜின் சத்தம் நிற்கவே இல்லை. போய்ப் பார்த்தால், இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அணைச்சுட்டு வாங்க. வீடு வந்து எவ்வளவு நேரமாச்சு."

"கூட்டியாந்துட்டேன் பவானி" என்றார். கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "கூட்டியாந்துட்டேன்."

நான் சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.