பின்னால் போன தேய்ந்த ஜோடி

"படிச்சதெல்லாம் சரிம்மா. வண்டி பேப்பர்ல ஓடாதே, ரோட்லதானே ஓடும்?"

காக்களூர் தொழிற்பேட்டைக்கு வெளியே டயர் கடை வைத்திருப்பவர் என்னிடம் இப்படிக் கேட்டார். கேட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்த இரண்டு டிரைவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

எங்களுடையது பன்னிரண்டு பேர் உட்காரும் வேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா தினமும் காலையில் கடம்பத்தூரில் புறப்பட்டு, திருவள்ளூர், வெங்கல், பெரியபாளையம் என்று வழியில் பெண்களை ஏற்றிக்கொண்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கொண்டுபோய் இறக்குவார். எல்லோருக்கும் ஒரே கம்பெனி; வேனும் அந்தக் கம்பெனியின் ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறது. நானும் அங்கேதான், தரப் பரிசோதனைப் பிரிவில். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். நைனாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும்.

அப்போது வேனின் நான்கு சக்கரங்களில் மூன்று வெவ்வேறு கம்பெனிகளின் டயர்கள் இருந்தன. ஒன்று தேய்ந்தால் கடையில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதை மாட்டுவது வழக்கம். முன்னால் இடப்பக்கம் ஒரு கம்பெனி, வலப்பக்கம் வேறொன்று. பிரேக் போட்டால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். நைனா ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்தே ஓட்டப் பழகியிருந்தார்.

"ஒரே ஆக்ஸில்ல ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன் இருக்கணும்" என்று நான் சொன்னேன். பட்டன் என்பது டயரின் மேல் உள்ள வெட்டுப் பள்ளங்கள். அதற்குத்தான் கடைக்காரரின் அந்தக் கேள்வி.

நைனா விடவில்லை. "எம் பொண்ணு இன்னா சொல்லுதோ அப்டியே மாட்டுப்பா. உனுக்கும் எனுக்கும் தெரியாதது அதுக்குத் தெரியும்" என்றார்.

புது டயர் இரண்டு எடுத்தோம். பழைய நான்கில் இரண்டு மட்டும் ஒரே கம்பெனி. இரண்டும் நன்றாகத் தேய்ந்தவை. மற்ற இரண்டில் பட்டன் இன்னும் மிச்சம் இருந்தது. ஆனால் ஒன்றோடு ஒன்று ஜோடி சேராது. நான் சொன்ன விதிப்படி அவற்றைக் கழற்றிக் கடையிலேயே விட்டோம்.

"புதுசு முன்னாடிதானே?"

கடைக்காரர் கேட்டது நைனாவை. நைனா திரும்பிப் பார்த்தது என்னை.

எனக்குத் தெரியாது. ஒரு ஆக்ஸிலுக்கு ஒரே ஜோடி என்பது வரைதான் மனதில் நின்றிருந்தது. எந்த ஜோடி எங்கே போக வேண்டும் என்று படித்த ஞாபகமே இல்லை. தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்கு அது வாயில் வரவில்லை. "ஆமா, முன்னாடிதான்" என்றேன். குரல்கூட உறுதியாகத்தான் இருந்தது.

நைனா புது டயர்களுக்குப் பொட்டு வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினார். எங்கள் ஸ்டாண்ட் டிரைவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பழத்தின் மேல் ஏறிய டயர் தேய்ந்து முடியும்வரை முன்னாலேயே இருக்க வேண்டும். நடுவில் பின்னால் தள்ளினால் வண்டிக்கு ஆகாது என்பார்கள்.

வேன் நேராக ஓடியது. பிரேக் போட்டாலும் இழுக்கவில்லை. நைனா ஸ்டாண்டில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. காலையில் நான் வேனைச் சுற்றி வந்து டயர்களைப் பார்த்தால், பெரியபாளையத்தில் ஏறும் அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார். "இன்னா மேடம், நாலும் பாஸா? இல்ல ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டப் போறியா?" வேனே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அந்த மாதங்களில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியது. பெரியபாளையத்தை அடுத்த ஆரணி தாண்டி ஒரு வளைவில் நைனா லேசாகத்தான் பிரேக் தொட்டார். முன்பக்கம் சாலையைப் பிடித்துக்கொண்டது. பின்பக்கம் மட்டும் தனியாக வழுக்கிச் சுற்றிக்கொண்டு வந்தது. வேன் சாலைக்குக் குறுக்கே, நெல் வயலைப் பார்த்து நின்றது. எதிரில் வண்டி எதுவும் வராததால் தப்பித்தோம். யாருக்கும் அடியில்லை. அக்காவின் டிபன் டப்பா திறந்து, இட்லி எல்லாம் கால்மிதிமேல் கிடந்தது.

"எவனோ ஆயில் ஊத்திட்டுப் போயிருக்கான்" என்றார் நைனா. இறங்கிப் பார்த்தேன். ஆயில் இல்லை. வெறும் தண்ணீர்.

அன்று மதியம் சாப்பிடாமல் போனில் தேடிப் படித்தேன். எங்கள் கம்பெனியின் வாகனப் பாதுகாப்புக் கையேட்டிலும் பார்த்தேன். இரண்டிலும் ஒன்றுதான் இருந்தது. இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போட்டால் அந்த நல்ல ஜோடி பின்னால் போக வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் டிரைவர் கையில் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும். மூன்றே வரி. அந்த மூன்று வரியை முன்பே தேடிப் பார்க்க எனக்கு எது தடையாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன்.

"நீதானம்மா முன்னாடின்னு சொன்ன?"

"தப்பா சொல்லிட்டேன் நைனா."

அவர் அதை நம்பவில்லை. நான் பயந்துபோய் உளறுவதாக நினைத்தார். மறுநாள் என்னைக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் இந்த முறை சிரிக்காமல், பொறுமையாகவே பேசினார். "முன்னாடி வெடிச்சா ஸ்டியரிங் போச்சும்மா. பின்னாடி வெடிச்சா ஓரங்கட்டிடலாம். நாங்க பார்த்திருக்கோம். அன்னிக்கி நீ சொன்னதுதான் கரெக்ட்." அவர் என்னைப் பாராட்டிய ஒரே தடவை அது. வெடிப்பது வேறு, வழுக்குவது வேறு என்று சொன்னேன். "பழம் வெச்ச டயரப் பின்னாடி தள்ளச் சொல்லுது பாரு" என்று ஒரு டிரைவர் நைனாவிடம் சொன்னார்.

திரும்பும்போது நைனா சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எம் பொண்ணு சொன்னா சரியா இருக்கும்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கேன். இப்ப மாத்துனா என்னை இன்னான்னு கேப்பானுங்க? உன்னத்தான் இன்னான்னு பேசுவானுங்க?"

என் தப்பை அவர் தன் பெருமையாகக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து நானே ஜாக்கியை எடுத்தேன். நட்டு ஒன்றுகூட அசையவில்லை. ஏர் கன்னில் முறுக்கியவை அவை. ஸ்பேனர் மேல் ஏறி நின்று, மொத்த எடையையும் போட்டு மிதித்தேன். ஸ்பேனர் நழுவி முழங்கால் கிழிந்ததுதான் மிச்சம். நைனா வந்து பார்த்தார். திட்டவில்லை. ஸ்பேனரை வாங்கி வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மருந்து எடுத்து வந்தார்.

பிறகு வேனில் வரும் பெண்களிடம் சொல்லிப் பார்த்தேன். பின் டயர் ரெண்டும் மொட்டை, மழையில் ஆபத்து, எல்லோரும் சேர்ந்து கேளுங்கள் என்றேன். அக்காதான் பதில் சொன்னார். "உங்க நைனா கையில வண்டி இருக்கு, எங்களுக்கு இன்னாடி பயம்? அன்னிக்கிகூட எப்டி நிறுத்துனாரு பாத்தியா?" மற்றவர்கள் தலையாட்டினார்கள். கைக்குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வரும் பெண் ஒருத்தி பின் வரிசையில் இருக்கிறாள். அவளும் தலையாட்டினாள்.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்தபடி போய் வந்தேன். தெரியாமல் இருந்தபோது பேச முடிந்தது. தெரிந்த பிறகு கேட்க ஆளில்லை.

நேற்று முன்தினம் வேன் மறுபடி ஒரு முழம் அளவுக்குப் பக்கவாட்டில் போய்த் தானாக நேரானது. உள்ளே பேச்சுகூட நிற்கவில்லை.

நேற்று மதியம் கம்பெனியின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போய்ப் புகார்ப் படிவம் வாங்கினேன். எங்கள் வேன் எண்ணை எழுதினேன். பின் டயர்கள் இரண்டும் தேய்ந்தவை, முன்னால் உள்ள ஜோடியைப் பின்னால் மாட்ட வேண்டும், மாட்டும்வரை வண்டியை எடுக்க விடக் கூடாது என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், புது டயர்களை முன்னால் போடச் சொன்னது நான், அது தவறு என்றும் எழுதினேன். அங்கே இருந்த அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, "டிரைவர் உங்க ஃபாதரா?" என்றார். ஆமாம் என்றேன். "வண்டிய இன்னிக்கே நிறுத்தணும். நீங்க எல்லாரும் கம்பெனி பஸ்ல போயிடுங்க" என்று சொல்லி முத்திரை வைத்தார்.

சாயங்காலம் நைனா கம்பெனி கேட்டுக்கு வெளியே, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். செக்யூரிட்டி இன்னும் அவரிடம் வரவில்லை. நான் முதலில் போய்ச் சேர்ந்தேன்.

"நைனா, சாவியக் குடு. வண்டி இன்னிக்கி இங்கேருந்து கிளம்பாது. எழுதிக் குடுத்துட்டேன்."