நன்றியுரை தாணுமாலையன்

சாலைக் கடைத்தெருவில் வெற்றிலைபாக்குக் கடை வைத்திருந்த தாணுமாலையனைத் திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கு நன்றியுரைக்காரராகத்தான் தெரியும். தமிழ் மன்றத்தில் எந்தக் கூட்டமானாலும் கடைசியில் மைக்கைப் பிடிப்பவர் அவர். அதற்குள் பாதிச் சனம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். அவரும் லேசில் விடமாட்டார். நாற்காலி தந்தவர், மைக்செட்காரர், சுக்குக்காப்பி போட்ட ஆவுடைத்தாய் என்று ஒருவர் பாக்கியில்லாமல் பேர் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

எழுபத்தாறாம் வருஷம் மன்றம் கோமதிநாயகத்துக்குப் பாராட்டு விழா எடுத்தது. அவர் தபாலாபீஸ் குமாஸ்தா. வலியசாலையில் இருந்துகொண்டு, இந்த ஊர்த் தமிழர்களையே நாவல் நாவலாக எழுதியவர். எல்லாவற்றையும் அச்சுக்குப் போகுமுன்பே படித்த சிநேகிதர் தாணுமாலையன். ஒருதரம் நெஞ்சுவலி வந்த பிறகு கோமதிநாயகம் பேனாவைத் தொடவில்லை. அவர் காதுபட, நாலு பேர் முன்னால், அந்த நாவல்களைப் பற்றி ஒருதடவையாவது பேசிவிட வேண்டும் என்று தாணுமாலையனுக்குத் தீராத ஆசை.

செயலாளர் ஞானசிகாமணியிடம் போய், "இந்தத் தடவ பாராட்டுரைய எனக்குத் தரணும்" என்று கேட்டார்.

"அதுக்கு மெட்ராஸ்லேர்ந்து பெரிய ஆளுங்க வாறாங்க அண்ணாச்சி. நன்றியுரைக்கு உங்கள விட்டா வேற ஆரு உண்டு?"

வந்த பெரிய ஆட்களில் ஒருவர் தம் சிங்கப்பூர்ப் பயணத்தை விரிவாகச் சொன்னார். இன்னொருவர் தமிழின் தொன்மையிலிருந்து கிளம்பி, கோமதிநாயகம் வரை வந்து சேராமலே உட்கார்ந்தார். தாணுமாலையன் எழுந்தபோது நாகர்கோவில் பஸ்ஸுக்குக் கூட்டம் கிளம்பிவிட்டது. அவருக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"கரமனை ஆத்துல துணி வெளுத்து மகள நர்சாக்குன மாடம்மாளுக்கு நன்றி. மழையில கூலி கேக்காம கொண்டு விட்ட ரிக்‌ஷாக்காரன் சொரிமுத்துக்கு நன்றி. பொண்டாட்டி செத்த மறுநாளே ஓட்டல்ல எலை எடுக்க வந்த நேசையனுக்கு நன்றி..."

நன்கொடை கொடுத்தவர்களாக்கும் என்று வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் கோமதிநாயகத்தின் நாவல்களில் வருகிறவர்கள். தாணுமாலையன் ஒருவரையும் விடவில்லை. கும்பிட்டு இறங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. விழா நாயகர் பேரையே சொல்லவில்லை.

பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தவரிடம் ஓடினார்.

"மன்னிக்கணும் வே. ஒம்ம பேர விட்டுட்டேன்."

கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்கள்லாம் நெசமாவே இருந்தவங்கன்னுல்லா பேசுனீரு. எழுதுனவன் ஒருத்தன் உண்டுன்னே ஒமக்கு மறந்துட்டு. இதுக்கு மேல எனக்கு என்னவே வேணும்?"