தெரசா காலியாக விட்ட கட்டம்

1. அறிக்கை வந்த நாள்

குடிமனை விசாரணைக் குழுவின் அறிக்கை எங்கள் தாலுகா ஆபீசுக்கு வந்ததும் தாசில்தார் அதை இரண்டாகப் பிரித்தார். பாதி எனக்கு, பாதி தெரசாவுக்கு. இருவருமே அசிஸ்டென்ட், சர்வீஸில் நான்தான் சீனியர். பக்கத்துக்கு மூன்று கட்டம்: குழு கண்டது, பரிந்துரை, எங்கள் பதில். நிரப்பி கலெக்டர் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும்.

என் பாதியை மறுநாளே முடித்தேன். "பரிந்துரை ஏற்கப்படுகிறது. உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது." இந்த வரிக்கு மறுகேள்வியே வராது. தாசில்தார் பூரித்துப்போனார். "யோவ், நீ வக்கீலா போயிருக்க வேண்டிய ஆளுய்யா!"

தெரசாவின் பாதியில் ஒரு கட்டம் காலி. அது கீழத்தெரு அஞ்சலையின் விவகாரம். அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டாள் என்று அவள் குடிசையைப் பிரித்துப் போடப் பார்த்தார் மிராசுதார், நிலம் தன்னுடையதாம். அவள் பெயருக்கு மனைப்பட்டா கொடுக்கச் சொல்லியிருந்தது குழு.

"என்னம்மா, காலியா கெடக்கு?" என்றார் தாசில்தார்.

"குடுத்துட்டு எழுதறேன் சார்."

"கலெக்டர் கேட்டா நீயா பதில் சொல்லுவ?"

நன்றாக வாங்கட்டும் என்று எனக்கு உள்ளுக்குள் குஷி.

2. சங்கிலி

விசாரணை முடித்து, சர்வேயரோடு தெரசாவே கீழத்தெருவுக்குப் போனாள். மிராசுதாரின் காரியக்காரர் அளவுச் சங்கிலியை மிதித்துக்கொண்டு நின்றாராம். "கொஞ்சம் நகருங்க, நீங்க நிக்கற எடமும் அந்தம்மாவோடதுதான்" என்றாளாம். சர்வேயர் இதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரிவியூ மீட்டிங்கில் கலெக்டர் என் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். தெரசாவின் பாதியில் ஓரிடத்தில் நின்றார். "'பட்டா வழங்கப்பட்டது.' இது யார் எழுதினது?"

தெரசா எழுந்தாள். "குட்" என்றார்.

அவள் எழுதியது ரெண்டே வார்த்தை! என் நடை என்ன, நறுக்கு என்ன! வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், இன்றைக்கும் எரிகிறது.

3. மாடி வீடு

நாங்கள் இருவரும் ரிட்டயரான பிறகு அஞ்சலை மகன் அந்த மனையில் மாடி வீடு கட்டிக் குடிபோனான். பத்திரிகை தெரசாவுக்கு வந்தது; துணைக்கு நான் போனேன். அஞ்சலை தெரசாவின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கட்டம் காலியாக இருந்தால் திட்டுதான் விழும். விழட்டும், வேலையை முடித்துவிட்டு எழுதுங்கள்.

அன்றைக்கு இலை போட்டபோதுதான் அஞ்சலை என்னைப் பார்த்தாள். "ஐயா யாருங்க?"

"அந்த அறிக்கைக்கு மொதல்ல பதில் எழுதி முடிச்சவரு இவருதான்" என்றாள் தெரசா, பெருமையாகவே.

"அப்படீங்களா? நல்லா சாப்பிடுங்க" என்ற அஞ்சலை, சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "ஐயா பதில்ல யாருக்குங்க பட்டா வந்துச்சு?"