ஐந்து செல்லியம்மாள்கள்

ஆனந்தமேரிக்கு வேலை, வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது. பெயர், பிறந்த தேதி, ஊர். பதில்களைக் கைக்கணினியில் ஏற்றிவிட்டால் மீதியைக் கணினியே பார்த்துக்கொள்ளும். அரசின் இலவச சிகிச்சைக்கான மருத்துவ அட்டை தானாக அச்சாகும். மேரிக்கு வயது முப்பத்தாறு. இதற்கு முன் உளுந்தூர்பேட்டை ஓட்டலில் பில் போட்டவர். முதலாளி ஏசியபோது திருப்பிப் பேசி அந்த வேலையை இழந்தார்.

2023இல் கச்சிராயபாளையத்திலிருந்து பஸ் ஏறி, கல்வராயன் மலையில் ஒரு சிற்றூருக்குப் போனார். அங்கே எந்த வீட்டிலும் மூத்த பெண்ணுக்கு ஊர்த் தெய்வமான செல்லியம்மன் பெயர்தான். பல வருடங்களுக்கு முன் அடையாள அட்டை முகாம் நடத்திய ஒருவர், பிறந்த நாள் தெரியாத பெண்களுக்கெல்லாம் 1970 ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டுப் போயிருந்தார். அப்படி ஐந்து செல்லியம்மாள்கள்: ஒரே பெயர், ஒரே தேதி, ஒரே ஊர். ஐந்து பேரும் ஒருத்தியே என்று முடிவுகட்டிய கணினி, ஒரு படிவத்தை ஏற்று நான்கைத் தள்ளியது. தள்ளப்பட்டவர்களில் ஒருவருக்கு வயிற்றில் கட்டி. அட்டை வந்தால்தான் ஆபரேஷன்.

மேற்பார்வையாளர் சுப்புராயன் போனில் வழி சொன்னார்.

"ஒருத்திக்கு ரெண்டாந்தேதி, ஒருத்திக்கு மூணாந்தேதின்னு போட்டுட்டு வாம்மா. நாளைக்குக் கடைசி நாளு."

"அடையாள அட்டையில ஒண்ணாந்தேதி இருக்குது சார். ஆஸ்பத்திரில ரெண்டையும் வெச்சுப் பாத்தா, இது நீ இல்லன்னு அனுப்பிடுவாங்க."

"இன்னாம்மா, மிஷினுக்கே பாடம் எடுக்கறியா?"

"அது கேக்கறதே கம்மி சார். அப்பா பேரையும் கேட்டிருந்தா இந்த வம்பே இல்ல."

"ஃபாரத்த மாத்தறது உன் வேலை இல்ல. சொன்னதச் செய்."

மேரி செய்யவில்லை. மறுநாள் காலை ஐவரையும் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் போய் நின்றார்.

"யாரும்மா செல்லியம்மா?" என்றார் சுப்புராயன்.

"நாந்தாங்க" என்று ஐந்து குரல்கள்.

"இதுல நாலு பேரு இல்லன்னு உங்க மிஷினு சொல்லுது" என்றார் மேரி. "யார் யாருன்னு நீங்களே காட்டுங்க சார்."

கட்டி இருந்த செல்லியம்மாள் வலி தாங்காமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைநிலை ஊழியர் எழுந்திருக்கச் சொன்னார்.

"நாந்தான் இல்லாத ஆளாச்சே. இல்லாதவள எப்டிங்க எழுப்புவீங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கூட்டம் கூடியது. மத்தியானம் வரை யாரும் நகரவில்லை. கடைசியில் சுப்புராயன் சென்னைக்குப் பேசினார்; நான்கு படிவங்களையும் அங்கே ஓர் ஆள் கையால் ஏற்றார். அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது.

மேரிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கீழே கையெழுத்துப் போட்டு அவர் அனுப்பிய பதில் இரண்டே வரி:

"அந்தப் பெண்கள் சொன்னதை எழுதினேன். கேட்காமல் விட்டது நீங்கள்."