பியூஸ் யார் கையில் இருக்க வேண்டும்

அந்த ரயில் பெட்டியைத் தொட்டால் கை சுருசுருவென்கிறது என்று வள்ளி மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறாள். மேனேஜரிடம் சொன்னாள். எலக்ட்ரீஷியனிடம் சொன்னாள். சென்னையிலிருந்து வந்த முதலாளியிடமும் பயந்து பயந்து சொன்னாள். மூன்று பேரும் சிரித்தார்கள். நான்காவதாக என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை எழுதும் இப்போதும் கோபம் அடங்கவில்லை. வார்த்தை கொஞ்சம் தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ரயில்வேயில் டிரெயின் லைட்டிங் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். டி.எல். பிட்டர் என்பார்கள். ரயில் பெட்டிகளில் விளக்கு எரிய வேண்டும், பேன் சுற்ற வேண்டும், அதுதான் வேலை. காரைக்குடியில் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் தச்சாசாரிகள். நான் ஒருவன்தான் உளியை வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தவன்.

1. கொடி காட்டக் கூப்பிட்டார்கள்

நேமத்தான்பட்டிப் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அதன் முதலாளி எங்கோ ஏலத்தில் ஒரு பழைய மீட்டர் கேஜ் பெட்டியை எடுத்து, டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து, வீட்டின் பின்கட்டுக்கு வெளியே மரக்கட்டைகள் போட்டு, மேலே ரெண்டு துண்டு தண்டவாளம் பதித்து நிறுத்திவிட்டார். உள்ளே மேஜை நாற்காலி போட்டு விருந்தாளிகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது திட்டம். திறப்பு விழாவுக்கு ஒரு ரயில்வேக்காரர் வேண்டும் என்று தேடியதில் யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

மேனேஜர் போனில் பேசினார். நான் யூனிபார்ம் போட்டுக்கொண்டு பெட்டி வாசலில் நின்று பச்சைக்கொடி காட்ட வேண்டுமாம். ரெண்டு பழைய கதை சொல்ல வேண்டுமாம். கொடி காட்டுவது கார்டு வேலை, நான் சர்வீஸ் முழுக்கக் கொடியைக் கையால் தொட்டதில்லை என்றேன்.

“அதெல்லாம் வர்ற கெஸ்ட்டுக்குத் தெரியவா போகுதுண்ணே. நீங்க நிக்கிறீக, கொடி காட்டுறீக, அம்புட்டுத்தான்” என்றார்.

அப்போதே போனை வைத்திருக்க வேண்டும். ஆனால் மீட்டர் கேஜ் பெட்டி என்ற வார்த்தை என்னை இழுத்துவிட்டது. விழாவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது, சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று காலையில் டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

2. மங்கல் விளக்கு என்று எழுதிய போர்டு

பெட்டியைப் பார்த்ததும் என் கண் கூரைக்குத்தான் போனது. இந்த மாதிரிப் பழைய பெட்டிகளில் கூரையில் வட்ட வட்டமாக இரும்புத் தகடு அடித்து மூடியிருக்கும். எண்ணெய் விளக்குக் காலத்து ஓட்டைகள் அவை. ஒரு ஆள் பெட்டி மேல் ஏறி நடந்து, ஒவ்வொரு ஓட்டையிலும் விளக்கைக் கொளுத்தி உள்ளே இறக்குவானாம். அது என் காலத்துக்கு ரொம்ப முன்னால். எனக்கு முந்தின பிட்டர்கள் சொல்லிக் கேட்டதுதான்.

என் காலம் டைனமோ காலம். பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். டைனமோ தொங்கிய பிராக்கெட் இருந்தது, அச்சில் புல்லி இருந்தது, பெல்ட் இல்லை. பெல்ட் எப்போதுதான் இருந்தது? நல்ல கித்தான் பெல்ட்டைப் போட்டு அனுப்பினால் எவனாவது அறுத்துக்கொண்டு போய்விடுவான். சக்கரம் சுற்றினால் பெல்ட் சுற்றும், பெல்ட் சுற்றினால் டைனமோ சுற்றும், அது பேட்டரியை ஏற்றும். வண்டி ஓடும்போது விளக்கு வெளிச்சமாக எரியும், ஸ்டேஷனில் நின்றால் மஞ்சளாகும். பெல்ட் போய்விட்டால் நாலு ஸ்டேஷனில் பேட்டரி படுத்துவிடும். பேனை யாராவது சீப்பை விட்டுத் தள்ளிவிட்டால்தான் சுற்றும். ஜனங்கள் எங்களைத் திட்டாத திட்டு கிடையாது.

அகலப்பாதையில் 110 வோல்ட் வந்த பிறகும் எங்கள் மீட்டர் கேஜ் சின்ன லைன் கடைசிவரை 24 வோல்ட்டில்தான் ஓடியது. 24 வோல்ட் மங்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கொட்டுகிற மழையில் நனைந்து ஓடிவந்து, கைப்பிள்ளையோடு இரும்புக் கம்பியைப் பிடித்து ஏறுகிறவளை அது கொல்லாது. இரும்புப் பெட்டிக்குள் கரண்டை விட்டவர்கள் அந்தப் பயத்தோடு விட்டார்கள்.

ஹோட்டல்காரர்கள் பெட்டி வாசலில் பளபளவென்று ஒரு போர்டு வைத்திருந்தார்கள். நம் முன்னோர் மங்கல் விளக்கில் பயணம் செய்தார்களாம், இன்று அதே பெட்டி ஒளிவெள்ளத்தில் மிதக்கிறதாம். ஒளிவெள்ளம் எப்படி வந்தது என்று பார்த்தேன். பழைய கண்ணாடிக் கிண்ணங்களுக்குள் 230 வோல்ட் பல்பு. அதற்கு வயர்? கூரைக்குள் ஓடிய அதே பழைய வயர். ரப்பர் மேல் துணி சுற்றிய வயர் அது. வயதான ரப்பர், விரலால் அழுத்தினால் அப்பளமாக நொறுங்கும். அதற்குள் வீட்டுக் கரண்டை விட்டிருக்கிறார்கள்.

3. வள்ளி சொன்னது

நான் கீழே இறங்கும்போது ஒரு பெண் ஹோஸ் பிடித்துப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள்தான் வள்ளி, நாற்பது வயதிருக்கும். ரப்பர் செருப்பு போட்டிருந்தாள், வலது கையில் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக் கட்டியிருந்தாள். கையில் காயமா என்று கேட்டேன்.

“காயமில்லண்ணே. பெட்டியில கை பட்டா சுருசுருங்குது. சொன்னா சிரிக்கிறாக. வேலைக்குச் சோம்பேறித்தனப்பட்டு கதை கட்டுறேன்னு மேனேஜரு சொல்றாரு. எம்மக காலேசு படிக்கிறா, நான் வேலைய விட முடியாது. அதான் நானா கவரக் கட்டிக்கிட்டேன்.”

அந்த பிளாஸ்டிக் கவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தன் உயிரைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிய வேண்டியவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஹோஸை மூடச் சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். முருகேசன் என்று பெயர், பத்துப் பதினைந்து வருஷமாகத் தொழில் செய்கிற ஆள். டெஸ்டரை வாங்கிப் பெட்டியின் மேல் வைத்தேன். எரிந்தது. அவன் அசரவில்லை.

“அது இண்டக்சன்ணே, பக்கத்து வயரோட வாடை, நெசக் கரண்டு இல்ல. இம்புட்டுப் பெரிய இரும்பு, டெஸ்டர்ல காட்டத்தான் செய்யும்.”

ஈ.எல்.சி.பி. எங்கே என்று கேட்டேன். லீக் இருந்தால் தானாக விழுந்து கரண்டை நிறுத்துகிற சுவிட்ச் அது. மழை பெய்தாலும் பெட்டி கழுவினாலும் சும்மா சும்மா விழுகிறது, சுவிட்சே மட்டமான சரக்கு, அதனால் கழற்றிவிட்டேன் என்றான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்ற கதைதான். அந்தச் சுவிட்ச் வள்ளி பக்கம் நின்று கத்தியிருக்கிறது. அதன் வாயையும் அடைத்துவிட்டான். எர்த் வயர் எங்கே என்றேன். பெட்டிதான் தண்டவாளத்தில் நிற்கிறதே, அதுவே எர்த்துதானே என்றான். தண்டவாளம் காய்ந்த மரக்கட்டை மேல் கிடக்கிறது, மண்ணைத் தொடவே இல்லை.

அதற்குள் மேனேஜர் வந்தார். நாளை மறுநாள் விழா, ஐம்பது பேருக்கு அழைப்பு போயிருக்கிறது, எல்லா விளக்கும் எரிகிறது, நீங்கள் ஏன் குட்டையைக் குழப்புகிறீர்கள் என்றார். எல்லா விளக்கும் எரிகிறது என்று அவர் சொன்னபோதுதான் எனக்குத் தலை சூடேறியது. அந்த வாக்கியத்தை ஒரு காலத்தில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

4. நான் எழுதிய ஓ.கே.

டெப்போவில் ஒவ்வொரு பெட்டிக்கும் லீக் டெஸ்ட் உண்டு. ரெண்டு பல்பைத் தொடராகச் சேர்த்து பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே கொடுப்போம். நடு வயரைப் பெட்டியின் இரும்பில் தொடுவோம். ரெண்டும் ஒரே மாதிரி எரிந்தால் பெட்டி சுத்தம். ஒன்று பளிச்சென்றும் ஒன்று மங்கலாகவும் எரிந்தால் எங்கோ ஒரு வயர் இரும்பைத் தொடுகிறது.

சர்வீஸில் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு பாசஞ்சர் வண்டியின் லேடீஸ் பெட்டியில் ஒரு பல்பு பளிச்சென்று எரிந்தது. தேட வேண்டுமென்றால் கூரைப் பலகையைப் பிரிக்க வேண்டும். வண்டிக்கு நேரமாகிவிட்டது. 24 வோல்ட்தானே, யாரையும் அடிக்காது, எல்லா விளக்கும் எரிகிறது என்று ரிஜிஸ்டரில் ஓ.கே. எழுதினேன். ஒரு லீக் சத்தம் போடாது. ரெண்டாவது லீக்குக்காகக் காத்திருக்கும். ரெண்டு வயரும் இரும்பைத் தொட்டுவிட்டால் மொத்த பேட்டரியும் அந்த இடத்தில் கொட்டும். அன்றைக்கு அதுதான் நடந்தது. ஓடும் வண்டியில் கூரையிலிருந்து புகை. ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே பெண்கள் குதித்தார்கள். ஒரு அம்மாவுக்குக் கால் முறிந்தது.

எனக்குத் தண்டனை கிடைத்தது, இன்க்ரிமென்ட் நின்றது. அது பெரிதில்லை. எங்கள் மேற்பார்வையாளரான சார்ஜ்மேன் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்த அம்மாவின் கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினார். “ரிஜிஸ்டர்ல எழுதுனத இவுக கிட்ட வாயால சொல்லு” என்றார். என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் டெப்போவில் இருந்த ஒரு பழக்கத்தைச் சட்டமாக்கினார். பெட்டிக்கு அடியில் இறங்குகிறவன் பியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். மேலே நிற்பவன் கையில் கொடுக்கக் கூடாது. பெரிய ஆபீசரே வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது. எவன் உடம்பு கரண்டில் படுமோ அவன் பையில்தான் பியூஸ்.

5. பல்பு எரிந்தது

வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் பழைய டூல்ஸ் பெட்டியிலிருந்த டெஸ்ட் லாம்ப் ஹோல்டரை எடுத்தேன். வழியில் ஒரு பதினைந்து வாட் குண்டு பல்பும் ஒரு இரும்புக் கம்பியும் வாங்கினேன். மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டேன். மேனேஜர், முருகேசன், சமையல் ஆட்கள், வள்ளி எல்லாரையும் வரச் சொன்னேன்.

பெட்டியிலிருந்து நாலடி தள்ளிக் கம்பியைத் தரையில் அடித்து இறக்கி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். பல்பின் ஒரு வயரைக் கம்பியில் கட்டினேன். “முருகேசா, இண்டக்சன் டெஸ்டர எரிக்கும். பல்ப எரிக்குமா?” என்று கேட்டேன். எரிக்காது என்றான். அவனுக்கும் தொழில் தெரியும். தெரிந்துதான் செய்தான், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இன்னொரு வயரைப் பெட்டியின் கைப்பிடிக் கம்பியில் வைத்தேன். பல்பு எரிந்தது. நட்டநடு வெயிலிலும் இழை சிவந்து எரிவது எல்லாருக்கும் தெரிந்தது. வள்ளி கையில் சுற்றியிருந்த கவரை மெதுவாக அவிழ்த்தாள்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, விழா முடியட்டும், மறுநாளே சரிபண்ணிவிடலாம், அதுவரை ஜாக்கிரதையாக இருப்போம் என்று ஆரம்பித்தார்.

“அப்ப செருப்பக் கழட்டிட்டு இந்த ஈரத்துல நின்னு ஒரு தடவ தொடுங்க” என்றேன்.

அவர் ஓரடி பின்னால் போனார்.

“வள்ளி தொட்டா இண்டக்சன், நீங்க தொட்டா கரண்டா?”

நேராகப் பின்கட்டு மெயின் போர்டுக்குப் போனேன். அந்தப் பெட்டிக்குப் போகிற லைனின் பியூஸ் கட்டைகள் ரெண்டையும் உருவினேன். திரும்பி வந்து எல்லார் முன்னாலும் வள்ளியின் கையில் வைத்தேன். டெப்போ சட்டத்தைச் சொன்னேன். இந்தப் பெட்டியைத் தினமும் தொடுகிறவள் நீ, உனக்குப் பயம் போகிறவரை யார் கேட்டாலும் கொடுக்காதே என்றேன். கடையில் வேறு கட்டை கிடைக்கும் என்று முருகேசன் முனகினான். எரிகிற பல்பைப் பார்த்த சமையல்காரர், வேறு கட்டை போட்டால் என் ஆட்கள் ஒருவரும் பெட்டிக்குள் தட்டு தூக்கமாட்டார்கள் என்றார். வள்ளி கட்டைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

6. பொன்னாடை

விழா பகலில், விளக்கில்லாமல் நடந்தது. நான் போகவில்லை. யாரோ கொடி காட்டினார்களாம். அடுத்த வாரம் பழைய வயரை எல்லாம் உருவிப் போட்டார்கள். எர்த் குழி தோண்டினார்கள், ஈ.எல்.சி.பி. திரும்பி வந்தது. உள்ளே எரிவது இப்போது டிரான்ஸ்பார்மர் வைத்த 24 வோல்ட் பல்பு. வேலை முடிந்ததும் முருகேசனே என்னைக் கூப்பிட்டான். வள்ளியிடம் சொல்லிவிட்டு, சோதனைக்கு மட்டும் வேறு கட்டைகளைப் போட்டுக் கரண்டை விட்டு, அதே பதினைந்து வாட் பல்பை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. வள்ளியிடம் பல்பைக் கொடுத்து அவளையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ரெண்டு முறை வைத்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் இடுப்பிலிருந்து கட்டைகளை எடுத்துக் கொடுத்தாள்.

முதலாளி சென்னையிலிருந்து வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். ஒரு உயிரைக் காப்பாற்றினீர்கள் என்றார். அந்த உயிர் பத்தடி தள்ளி வாளியோடு நின்றுகொண்டிருந்தது. அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொன்னாடையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, இந்தப் பெட்டியில் லீக் இருப்பதை முதலில் கண்டுபிடித்தது நானில்லை, அதோ நிற்கிறாள், போய்ப் போர்த்துங்கள் என்றேன். அவர் சிரித்துச் சமாளித்தார். போர்த்தவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மெக்கர், மல்டிமீட்டர், டெஸ்டர் எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு ஆள் வந்து சுருசுருங்குது என்று சொன்னால், சொல்கிறவருக்குப் படிப்பு இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். முதலில் பியூஸைக் கழற்றி அவர் கையில் கொடுங்கள். சிரிப்பு வந்தால் அதற்குப் பிறகு சிரித்துக்கொள்ளலாம்.