ஜன்னல் கம்பெனியில் விபெக்கேவின் நேர்காணல்

ஹோர்சென்ஸ் ஊர்க்காரர்களில் பாதிப் பேரை ஸ்பெயினுக்கும் கிரீசுக்கும் அனுப்பிவைத்தவள் விபெக்கே. சுற்றுலா அலுவலகத்தில் அவளுக்கு இருபது வருட உத்தியோகம். எல்லாரும் கைப்பேசியிலேயே டிக்கெட் எடுக்கத் தொடங்கியதும் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. கணவன் யெப்பேயைப் பிரிந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

துறைமுகத்துப் பக்கம் ஜன்னல் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், புகார் சொல்லிப் போன் செய்கிறவர்களிடம் பேச ஆள் தேடினார்கள். விண்ணப்பித்தாள். முதலில் தொலைபேசியில் விசாரித்தார்கள். அப்புறம் கணினியில் ஒரு தேர்வு. 'விருந்தில் கடைசிவரை இருப்பீர்களா, சீக்கிரம் கிளம்பிவிடுவீர்களா?' என்றெல்லாம் கேள்வி. "விருந்துல சாப்பாடு எப்படின்னு சொல்லாம நான் எப்படிப் பதில் சொல்றது?" என்று மகள் அல்பெர்டெயிடம் புலம்பிக்கொண்டே எழுதி முடித்தாள். நேரில் வரச் சொல்லிவிட்டார்கள்.

பிரிவுத் தலைவர் ஹோல்கர், தொப்பையும் சிரித்த முகமுமாக வரவேற்றார். மேசையில் காபியும் பட்டைத்தூள் ரொட்டியும் இருந்தன.

"எங்க ஆள்சேர்ப்பு அதிகாரியோட பிள்ளைக்கு ஜுரமாம். அவங்களுக்குப் பதிலா இன்னொருத்தங்க வருவாங்க" என்றார்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவள் மெரெட்டெ. யெப்பே இப்போது குடித்தனம் நடத்துவது அவளோடுதான்.

இருவரும் ஒரு முறைதான் சந்தித்திருக்கிறார்கள். அல்பெர்டெ பள்ளி முடித்த நாளில், விருந்து நடந்த தோட்டத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்று புன்னகைத்துச் சமாளித்ததோடு சரி. விபெக்கே காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

மெரெட்டெ உட்காரவில்லை. "ஹோல்கர், முன்னாடியே சொல்லிடறேன். யெப்பே இவங்களோட பழைய வீட்டுக்காரர்."

ஹோல்கர் கடித்த ரொட்டியை விழுங்க மறந்தார். "கிறிஸ்துமஸ் விருந்துல நாற்காலி மேல ஏறிப் பாடினாரே, அந்த யெப்பேயா?"

"அவரேதான்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"நான் வெளியே போயிடறேன். வேற யாரையாவது அனுப்பறேன்" என்றாள் மெரெட்டெ.

விபெக்கே ஒரு கணம் யோசித்தாள். இவள் விஷயத்தை மூடி மறைக்கவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. "இருங்க, மெரெட்டெ. முடிவை மட்டும் ஹோல்கர் எடுக்கட்டும்."

அடுத்து ஒரு ஒத்திகை. ஹோல்கர் கோபக்கார வாடிக்கையாளராக நடிக்க வேண்டும். மனிதருக்குக் கோபமே வரவில்லை. "ஜன்னல் ஒழுகுதும்மா, கொஞ்சம் பாருங்களேன்" என்று குழைந்தார். பொறுக்கமாட்டாமல் மெரெட்டெயே இறங்கினாள்.

"உங்க ஆளு ஒருத்தர் வந்தாரு. பாதி வேலையில சாமானெல்லாம் கூடத்துல பரப்பிப் போட்டுட்டு, இதோ வந்துடறேன்னு போனவர்தான்! எத்தனை தடவை கேட்டாலும் நாளைக்கு, நாளைக்குங்கறார்!"

"நீங்க சொல்றது புரியுது. நடுவுல காபி கேட்டிருப்பாரே?"

"ஆமா, கேட்டாரு."

"குடிச்ச கோப்பையை ஜன்னல் விளிம்பிலேயே வச்சிருப்பாரு."

மெரெட்டெ விபெக்கேவைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு முட்டியது. "மூணு கோப்பை" என்றாள், மெல்ல.

அவ்வளவுதான். இருவர் மனதிலும் நின்றது யெப்பேதான்; கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். விஷயம் புரியாமல் ஹோல்கரும் கூடச் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்ததும் விபெக்கே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி, ஜன்னலுக்கு வருவோம். நாளைக்குக் காலையில வேற ஆளை அனுப்பறேன். அவர் வந்து சேர்ந்தாரான்னு நானே போன் பண்ணிக் கேப்பேன். அதுவரைக்கும் கீழே ஒரு துண்டை விரிச்சு வையுங்க."

வீட்டுக்குச் சைக்கிளில் போகும்போது மழை தூறியது. வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஆறு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்த ஏதோ ஒன்று லேசாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஹோல்கரே அழைத்தார். "இன்னும் ரெண்டு பேரைப் பார்த்தேன். நல்லவங்கதான். ஆனா அந்தத் துண்டு யாருக்கும் தோணல. ஒண்ணாந்தேதி வந்துடுங்க."

அன்று சாயங்காலமே யெப்பேயின் போன். "விபெக்கே, வாழ்த்துகள். நீங்க ரெண்டு பேரும் ஒரே கட்டடத்துலயா? மத்தியானச் சாப்பாடும் ஒண்ணாவா?"

"வேற வேற மாடி. சாப்பிடற இடம் ஒண்ணுதான்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

முதல் நாள் அவள் மேசையில் பூங்கொத்தும், அந்த ஊர்க் கொண்டாட்ட வழக்கப்படி சின்னக் கொடியும் வைத்திருந்தார்கள். முதல் போன் ஒரு கிழவரிடமிருந்து. ஜன்னல் திறக்கவில்லை என்று காதைப் பிளக்கக் கத்தினார். விபெக்கே நாற்காலியை வசதியாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க ஐயா, எந்த அறை ஜன்னல்?" என்று ஆரம்பித்தாள்.